பத்து வீட்டுக்கு ஒரு மாடித்தோட்டம்: விதையிலிருந்து கூட்டாஞ்சோறு வரை

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆளுக்கு நான்கு தொட்டி வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பாடுபடுவதைவிட, எட்டுப் பத்து வீடுகள் சேர்ந்து மொட்டை மாடியை ஒரே தோட்டமாக நடத்துவது எளிது. ஒரு வீட்டார் ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும். ஒரு பாக்கெட் விதை பாதி வீணாகாமல் பத்துப் பேருக்கும் பிரியும். ஆனாலும் இப்படித் தொடங்கிய தோட்டங்கள் பல, பொங்கலுக்குள் காய்ந்த பைகளாக ஒரு மூலையில் சாய்ந்து கிடக்கின்றன. பழியைப் பூச்சியின்மேல் போடுவது வழக்கம். என் பார்வையில் காரணம் வேறு: ஒருவர் சொல்லும் குறிப்பு இன்னொருவருக்குப் பயன்படும்படி சொல்லப்படுவதில்லை, விளைந்ததை எப்படிச் சமைப்பது என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதுமில்லை.

இந்த வழிகாட்டி சென்னையின் தட்பவெப்பத்தை மனதில் வைத்தது. ஆடியில் விதைக்க வேண்டுமானால் ஆனியிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

1. மாடி தாங்குமா, ஒழுகுமா?

குடியிருப்போர் சங்கத்தில் முதலில் எழும் கேள்விகள் இவை இரண்டும்தான். நியாயமான கேள்விகள். கைவசம் கணக்கு இருந்தால் பதில் சொல்லலாம். ஐஎஸ் 875 என்ற இந்தியத் தர விதிப்படி, ஆட்கள் ஏறி இறங்கும் மாடி ஒன்று சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ, கூடுதல் பாரத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும். 12 அங்குல அகலமும் உயரமும் கொண்ட ஒரு வளர்ப்புப் பையில் ஏறத்தாழ 20 லிட்டர் கலவை பிடிக்கும். நனைந்த நிலையில் 20 முதல் 25 கிலோ. சதுர மீட்டருக்கு நான்கு பை வைத்தால் 100 கிலோ ஆகிவிட்டது. நாம் நடமாடும் எடையும் இருக்கிறது. எனவே நான்குக்கு மேல் நெருக்க வேண்டாம். பெரிய டிரம்களைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே தூணும் உத்தரமும் ஓடும் ஓரங்களில் வையுங்கள். கட்டடம் பழையது, கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்கிறது என்றால் ஒரு கட்டடப் பொறியாளர் பார்க்காமல் ஒரு பைகூட ஏற்றாதீர்கள்.

ஒழுகல் பெரும்பாலும் தண்ணீர் தேங்குவதால் வருவது. பைகளை நேரே தரையில் வைக்காமல் செங்கல் அல்லது இரும்புத் தாங்கிமேல் வைத்தால் அடியில் காற்றோடும், துடைப்பமும் போகும். மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் வலை கட்டுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கம் வேண்டாம். தேங்கிய தெளிந்த நீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும்.

தண்ணீரிலும் ஒரு கவனம் வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை 'வீணாகிறதே' என்று செடிக்கு ஊற்றுபவர்கள் உண்டு. அதில் உப்பு செறிந்திருக்கும். சில மாதங்களில் இலை ஓரம் கருகத் தொடங்கும். அரிசி, பருப்பு களைந்த நீரும் ஏ.சி. சொட்டும் நீரும் நல்லவை.

2. ஆளும் முறையும்

நீளமான விதிமுறைகள் வேண்டாம். யார் எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுவது என்ற பட்டியல் ஒன்று மாடிப்படிக் கதவில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அறுவடையை அவரவர் கண்டபோது பறிக்காமல், வாரம் இருமுறை சேர்ந்து பறித்துப் பங்கிடுவது நல்லது. நாலு வெண்டைக்காயால் வந்த மனத்தாங்கலில் கலைந்த தோட்டங்களும் உண்டு.

3. கலவை: இங்கே அவசரப்படாதீர்கள்

தென்னைநார்க் கழிவு, செம்மண், மக்கிய எரு மூன்றும் சம பங்கு என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் அளவு. அளவு சரி. பெரும்பாலோர் சறுக்குவது தென்னைநார்க் கழிவைக் கையாளும் இடத்தில்.

கடையில் கிடைக்கும் 5 கிலோ கட்டியை அப்படியே நனைத்து மண்ணில் கலந்தால், விதை முளைக்கும், இரண்டு இலை விடும், பிறகு வெளிறி நின்றுவிடும். நாரில் இருக்கும் உப்பும் துவர்ப்புச் சத்தும் செய்யும் வேலை அது. கட்டியை ஒரு பெரிய டப்பில் போட்டு 25 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஊறி உப்பி 60 லிட்டருக்கு மேல் வரும். மறுநாள் பார்த்தால் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். அதை வடித்து, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி ஊறவிடுங்கள். வடியும் நீர் வெளுக்கும்வரை, பொதுவாக மூன்று முறையாவது, இதைச் செய்ய வேண்டும். பிறகு ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள்: விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்தால் பதம், தாரையாக வழிந்தால் இன்னும் காய வேண்டும்.

எருவில் பச்சைச் சாணத்தின் வாடை இருக்கக்கூடாது. மண்வாசனை இருக்க வேண்டும். ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்தால் வேர்ப்புழுவுக்கும் நூற்புழுவுக்கும் ஓரளவு தடை. டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் போன்ற உயிர் மருந்துகளை எருவோடு பிசறி, ஈரச் சாக்கால் மூடி நிழலில் ஒரு வாரம் வைத்த பிறகு கலவையில் சேர்ப்பது நல்லது. கலந்த பைகளுக்குத் தினமும் லேசாகத் தண்ணீர் தெளித்து பத்து நாள் ஆறவிடுங்கள். பொறுக்காமல் மறுநாளே விதைத்தால் பாதி முளைக்காது.

கீரைக்கு 8 அங்குல ஆழமுள்ள அகலமான பை போதும். வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு 12 அங்குலம். கொடிகளுக்கு 15 முதல் 18. முருங்கையை மாடிக்கு ஏற்ற வேண்டாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 ரகத்தை விதைபோட்டே வளர்க்கலாம். மதில் ஓரம் இரண்டு அடி மண் கிடைத்தால் அங்கே நடுங்கள். ஒரு மரமே பத்து வீட்டுக்குக் கீரை தரும்.

4. பட்டம்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வயலுக்கு மட்டுமல்ல, மாடிக்கும் பொருந்தும். கத்தரி, வெண்டை, அவரை, புடல், பீர்க்கு, பாகல், சுரை எல்லாவற்றையும் ஆடியில் தொடங்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடிக்கும்போது கீரை விதைத்தால் அடித்துக்கொண்டு போகும். அப்போது முள்ளங்கி போன்றவற்றை வையுங்கள். தையில் தக்காளி, வெள்ளரி, பூசணி. கத்திரி வெயிலில் 50 சதவீத நிழல்வலை இல்லாமல் மாடியில் எதுவும் செய்ய முடியாது.

பட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அவரையைவிட நல்ல சான்று கிடையாது. நாட்டுக் கொடியவரை பகல் குறுகினால்தான் பூக்கும். ஆடியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அதையே மாசியில் விதைத்துவிட்டு, உரம் போதவில்லையோ என்று மேலும் மேலும் போடுகிறார்கள். கொடி பந்தல் முழுக்கப் பச்சையாகப் படர்ந்து நிற்கும், பூ வராது. கோளாறு உரத்தில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் அவரை வேண்டுமென்றால் குட்டையாக வளரும் செடியவரை விதையை வாங்குங்கள்.

5. விதைப்பும் நாற்றும்

வெண்டை, அவரை, முள்ளங்கி, கொடிகள் நேரடி விதைப்பு. தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று. தக்காளி நாற்று 25 நாளிலும் கத்தரி 30 முதல் 35 நாளிலும் மிளகாய் 40 நாளுக்குள்ளும் இடம் மாற்றத் தயாராகும். பாகல், சுரை போன்ற தடித்த தோல் விதைகளை ஓர் இரவு ஊறவைத்துப் போடுங்கள். மாலையில் நடுங்கள், காலையில் நட்டால் அன்றைய வெயிலே நாற்றைத் தின்றுவிடும்.

எல்லா வீடும் ஒரே நாளில் வெண்டை போடக்கூடாது. பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று தவணையாகப் போட்டால்தான் மாடியில் எப்போதும் ஏதாவது காய்த்துக்கொண்டிருக்கும். கூட்டுத் தோட்டத்தின் பெரிய வசதியே இதுதான், பெரும்பாலோர் பயன்படுத்தாததும் இதுதான்.

6. ஊட்டம்

மீன் அமிலம் செய்வது எளிது. மீன் கழிவு ஒரு கிலோ, பொடித்த நாட்டு வெல்லம் ஒரு கிலோ. இரண்டையும் அடுக்கி, வாளியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு மூடி, நிழலில் வையுங்கள். அவ்வப்போது மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். 21 நாளுக்கு மேல் ஆனதும் தேன்போன்ற திரவம் வடியும். புளித்த பழ வாசனை அடிக்க வேண்டும். அழுகிய நாற்றம் வந்தால் வெல்லம் குறைந்துவிட்டது என்று பொருள். இலையில் தெளிக்க லிட்டருக்கு 5 மில்லி போதும். மாடியில் பூனை நடமாட்டம் இருந்தால் மூடிமேல் கல் வையுங்கள்.

சைவ வீட்டார் மீன் வாளிக்குச் சம்மதிக்கவில்லையென்றால் மல்லுக்கு நிற்க வேண்டாம். தேங்காய்ப்பாலும் புளித்த மோரும் சம அளவு கலந்து ஒரு வாரம் புளிக்கவைத்த தேமோர் கரைசலைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து பூக்கும் சமயத்தில் தெளிக்கலாம். பஞ்சகவ்யம் கொடுமுடி மருத்துவர் கே. நடராஜனால் விவசாயிகளிடையே பரவியது; கடையில் வாங்கியது என்றாலும் லிட்டருக்கு 30 மில்லி என்ற அளவைத் தாண்டாதீர்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் கொடுப்பது செடிக்கு உபசாரம் அல்ல.

7. பூ உதிர்கிறதா? மணியைப் பாருங்கள்

'சுரைக்கொடி நன்றாக வளர்கிறது, பிஞ்சு மட்டும் கருகி விழுகிறது' என்ற புலம்பலை எல்லாத் தோட்டக்காரர்களிடமும் கேட்கலாம். ஐந்தாவது மாடிக்குத் தேனீ வருவது குறைவு. மகரந்தத்தை நாம்தான் சேர்க்க வேண்டும், அதுவும் அந்தந்தப் பூ விரியும் நேரத்தில்.

பூசணி, பாகல், வெள்ளரி காலையில் விரிபவை. பூசணிக்கு வெயில் ஏறுமுன் வேலையை முடித்துவிட வேண்டும். சுரையின் வெள்ளைப் பூவும் பீர்க்கின் மஞ்சள் பூவும் சாயங்காலம் விரியும். புடல் இருட்டிய பிறகு. ஆக, காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு சுரைப் பூவைத் தொட்டுப் பயனில்லை. அது முந்தின மாலையே விரிந்து வாடியிருக்கும். அலுவலகம் விட்டு மாலையில் மாடிக்கு வருபவரிடம் சுரையையும் பீர்க்கையும் ஒப்படையுங்கள்.

பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண் பூ. வெறும் காம்பு என்றால் ஆண் பூ. அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைப் பின்னால் மடக்கி, நடுவிலுள்ள மஞ்சள் தூள் பெண் பூவின் சூல்முடி முழுவதும் படும்படி மெதுவாகத் தேயுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணும். சேர்ந்ததா என்பது இரண்டு மூன்று நாளில் தெரியும்: நேராக நின்ற பிஞ்சு கனத்துத் தலைகுனியும், சேராதது நுனியிலிருந்து மஞ்சளாகும்.

சுரையின் முதன்மைத் தண்டில் ஆண் பூக்களே அதிகம். அதனால்தான் மாடித்தோட்டக்காரர்கள் '3ஜி கட்டிங்' என்று சொல்கிறார்கள்: தண்டு பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளி, பக்கக் கிளை பன்னிரண்டு இலை விட்டதும் அதையும் கிள்ளி, மூன்றாம் தலைமுறைக் கிளையில் பெண் பூக்களை வரவழைப்பது. பெயர் வேடிக்கை என்றாலும் வேலை செய்கிறது.

8. பூச்சி

மருந்துக்கு முன்னால் கண். கத்தரியில் ஒரு குருத்து மட்டும் தலை தொங்கினால் அது தண்ணீர் தாகம் அல்ல; உள்ளே துளைப்பான் புழு. இரண்டு அங்குலம் கீழே வெட்டி, மாடியில் போடாமல் அழித்துவிடுங்கள். வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அந்தச் செடி தேறாது, தயங்காமல் பிடுங்குங்கள். தேறும் என்று வைத்துப் பார்ப்பவர் பக்கத்து வீட்டு வெண்டைக்கும் தருகிறார். மஞ்சள் ஒட்டும் அட்டை வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் உதவும். பாகல், பீர்க்கில் பழ ஈ வந்தால் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். மற்றவற்றுக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி.

மாவுப்பூச்சியைப் பார்த்ததும் எதையாவது அடித்துத் தீர்க்க நினைக்காதீர்கள். 2008-இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி என்று பரவி உழவர்களைக் கலங்கடித்தது. மருந்துகளால் அடங்காத அதை, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் கட்டுப்படுத்தின. அசிரோபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்கு அரிதாகத் தெரியும் குளவி அவற்றில் ஒன்று. உங்கள் மாடியிலும் அப்படிப்பட்ட உதவியாளர்கள் இருக்கலாம். முதலில் எறும்பைத் தடுங்கள், மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்பது எறும்புதான். பிறகு தண்ணீரைப் பீய்ச்சியடித்து, எஞ்சியதைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து அகற்றுங்கள்.

9. குறிப்பைப் பகிர்வது எப்படி

'மோர் ஊற்றினேன், கறிவேப்பிலை செழித்தது.' இது குறிப்பு அல்ல, செய்தி. எவ்வளவு மோர், எத்தனை நாள் புளித்தது, எவ்வளவு தண்ணீரில் கலந்தது, எந்த மாதம், தொட்டி என்ன அளவு, காலை வெயிலா நாள் முழுக்க வெயிலா, எத்தனை நாளில் மாற்றம் தெரிந்தது? இவை இல்லாமல் கேட்டவர் ஒரு சொம்பு மோரைக் கவிழ்த்துச் செடியைக் கொல்வார். மாடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தை நெகிழி உறையில் போட்டுத் தொங்கவிட்டு, செய்தவர் செய்ததை அங்கேயே எழுதட்டும். கூடவே ஒரு பழக்கம்: புது மருந்தையோ உரத்தையோ பத்துச் செடியில் ஐந்துக்கு மட்டும் கொடுத்து மற்ற ஐந்தை அப்படியே விடுங்கள். பாதிப் 'கைகண்ட மருந்துகள்' இதில் தோற்றுவிடும்.

10. விதை எடுத்துக் கொடுத்தல்

வீரிய ஒட்டு ரகங்களிலிருந்து விதை எடுத்துப் பகிராதீர்கள். அடுத்த தலைமுறை தாய்போல வராது. நாட்டு ரகத்திலும் வேறுபாடு உண்டு. தக்காளி, அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, அதிகக் கவலையில்லை. கத்தரி கலக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக் கத்தரியை ஒரு வீடும், நீளப் பச்சைக் கத்தரியை இன்னொரு வீடும் அடுத்தடுத்து வைத்திருந்தால், விதைக்கான மொட்டை விரியுமுன்பே சல்லடைத் துணிப் பையால் கட்டிவிடுங்கள். காய் பிடித்ததும் அவிழ்த்து, காம்பில் நூல் கட்டி, மஞ்சளாகப் பழுக்கும்வரை விடுங்கள்.

தக்காளி விதையை வழவழப்போடு ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்துங்கள். காய்ந்த விதையைச் சாம்பலோ வசம்புத் தூளோ கலந்து காகித உறையில் இட்டு, காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். உறைமேல் ரகம், விதை எங்கிருந்து வந்தது, எடுத்த மாதம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். வெங்காய விதையை ஓராண்டுக்கு மேல் நம்பாதீர்கள்.

சுரை, பீர்க்கு, வெள்ளரி விதை கொடுப்பவருக்கு ஒரு கண்டிப்பான விதி: காயின் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டே கொடுங்கள். கசந்தால் உடனே துப்பிவிடுங்கள். அந்தக் கொடியின் விதையும் வேண்டாம், காயும் வேண்டாம். கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது.

11. அடுப்பங்கரை

மாடித்தோட்டம் கடைபோல அரைக்கிலோ அரைக்கிலோவாகத் தராது. இரண்டு கத்தரி, ஐந்து அவரை, ஒரு முருங்கைக்காய், ஒரு பிடி கீரை என்று கலந்து கட்டித் தரும். எனவே பகிர வேண்டிய சமையல் குறிப்பும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். நெல்லைப் பக்கத்துக் கூட்டாஞ்சோற்றுக்கு ஈடு இதில் எதுவும் இல்லை.

நான்கு பேருக்கு: ஒன்றரைக் கப் அரிசி, அரைக் கப் துவரம்பருப்பு, கலந்த காய்த் துண்டுகள் இரண்டு கப், உருவிய முருங்கைக்கீரை ஒரு பெரிய கைப்பிடி, நெல்லிக்காயளவு புளி. அரைக்க: அரைக் கப் தேங்காய்த் துருவல், ஒரு தேக்கரண்டி சீரகம், ஆறு சின்ன வெங்காயம், ஐந்து வற்றல் மிளகாய், மூன்று பல் பூண்டு. கொரகொரப்பாக அரைத்தால் போதும்.

ஏழு கப் தண்ணீரில் மஞ்சள்தூளோடு பருப்பை முக்கால் பதம் வேகவிட்டு அரிசியைப் போடுங்கள். அரிசி பாதி வெந்ததும் வாழைக்காய், அவரை. சிறிது பொறுத்து முருங்கைக்காய், கத்தரி. புளியை முன்கூட்டி ஊற்றினால் அரிசியும் காயும் விறைத்துக்கொள்ளும். எல்லாம் மலர்ந்த பிறகு உப்போடு புளிக்கரைசலையும் அரைத்ததையும் சேருங்கள். கீரை கடைசியில், அடுப்பை அணைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு. நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வெங்காய வடகம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக் கிளறுங்கள். குக்கரில் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், கத்தரிக்காய் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

கடையில் கிடைக்காதவை தோட்டக்காரர்களுக்கு மட்டுமே உரியவை. இளம் முள்ளங்கி இலையை நறுக்கி, ஊறிய பாசிப்பருப்போடு பொரியல் செய்யலாம். பீர்க்கங்காயின் தோலை எண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய், புளி, தேங்காயோடு அரைத்தால் துவையல். பிரண்டை ஒரு கணு ஊன்றினால் போதும், எந்தத் தொட்டியிலும் வரும். துவையலுக்கு இளந்தண்டாகப் பறித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நார் உரியுங்கள். பச்சை நிறம் மாறி நன்றாகச் சுருங்கும்வரை நல்லெண்ணெயில் வதக்கவில்லையென்றாலும் புளியைக் குறைத்தாலும் நாக்கு அரிக்கும். முதல்முறை செய்பவருக்கு இந்தக் குறிப்பைச் சொல்லாமல் பிரண்டையைக் கொடுக்காதீர்கள்.

மணத்தக்காளியும் சுண்டைக்காயும் ஒரே நேரத்தில் கொட்டித் தரும். பச்சைக் காய்களைக் கழுவி, சுண்டைக்காயானால் லேசாகத் தட்டி, உப்பிட்ட புளித்த மோரில் இரவு ஊறவிடுங்கள். காலையில் காயை மட்டும் எடுத்து வெயிலில் பரப்பி, மாலையில் மறுபடி அதே மோரில் போடுங்கள். மோர் வற்றும்வரை மூன்று நான்கு நாள் இப்படியே. பிறகு தனியாகக் காயவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் இந்த வேலை முடிய வேண்டும். டப்பாவில் போடும்போது சலசலவென்று சத்தம் வந்தால் சரி. விரலில் அழுத்தி நெகிழ்ந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் தேவை.